கருந்தும்பியின் நடை

“அக்கா, இன்னொரு தடவை போலாமா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளன் கேட்டான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் காது. காது ‘இன்னொரு தடவை’ என்றால் இப்போது செய்தது தேறாது என்று பொருள். முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு நா எழாது.

“போலாம்ப்பா. நடக்கத்தானே வந்திருக்கேன்,” என்றேன்.

திரையில் கருந்தும்பி மறுபடி நடைவழியின் கோடிக்குப் போய் நின்றான். கறுப்பு உடை, முகமூடி, தோளில் மடித்து வைத்த இறக்கை. அவன் கால் தரையில் படும்போதெல்லாம் என் கால் சிமெண்டுப் பலகையில் பட வேண்டும். அதுதான் என் வேலை. படப்பிடிப்பில் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு வருவார்கள். காலடி, கதவு, துணியின் சரசரப்பு, கோப்பையை மேசையில் வைக்கிற ஓசை எல்லாம் நாங்கள் இந்த அறைக்குள் திரையைப் பார்த்துப் பார்த்துச் செய்து சேர்ப்பது. நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். நான் கால், அவள் கை. கருந்தும்பி இறக்கையை விரிக்கும்போது கேட்குமே ஒரு படபடப்பு, அது அவள் உதறுகிற பழைய குடைத்துணி.

நடந்தேன். திரையில் அவன் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

காது தலையைக் குனிந்துகொண்டு கருவியின் குமிழ்களைத் துடைத்தான். அவனுக்குப் பக்கத்தில் இயக்குநர் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க,” என்றாள் நாத்தனார், குடைத்துணியை மடித்தபடி.

“நல்லா இருக்கும்மா,” என்றார் இயக்குநர். “ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சனையே. யாரோ ஒருத்தர் வர்ற மாதிரி இருக்கு. கருந்தும்பி வர்ற மாதிரி இல்ல.”

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு அவர் சொன்னது புரியாது. அந்தப் படத்தைக் கையில் ஒன்றுமில்லாமல் எடுத்தார்கள். விளக்குக்கு வழியில்லாததால் பாதிப் படம் இருட்டு. அதைப் பார்த்துவிட்டு ‘ஆகா, என்ன ஒளிப்பதிவு’ என்றார்கள். வீரன் பறக்கிற காட்சி மொத்தமே ஒன்று. அதிலும் அவன் கால்தான் தெரியும். ஆகவே அவன் வருகிறான் என்பதைக் கண்ணுக்குச் சொல்ல முடியாமல் காதுக்குச் சொன்னார்கள். கும்மிருட்டில் ஒரு நடை. ஒரு கால் விழும். மறு கால் மயிரிழை தாமதித்து, தரையை மெல்லத் தடவிக்கொண்டு விழும். டக். ஸ்டக். டக். ஸ்டக். அந்தச் சத்தம் வந்தால் அரங்கில் பின்வரிசைக்காரன்கூட வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருப்பான். பிள்ளைகள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அப்படி நடந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பத்திரிகையில், ‘இது ரகசியத்தைச் சுமக்கிறவனின் நடை’ என்று எழுதினார்கள்.

ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது. அது என் வலது முட்டி. தேய்ந்து போயிருந்தது.

படம் வந்த பிறகு முட்டி இன்னும் மோசமாகி, கடைசியில் வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். இப்போது நான் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறேன். வரிசையில் நிற்கிறேன். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், ‘நீ உக்காருப்பா’ என்கிறேன். என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “முதல் பாகத்தை விட ரெண்டாம் பாகம் பிரமாதம்,” என்று என் முட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். பொய்யில்லையே.

அதன் பிறகுதான் கருந்தும்பிக்கும் இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை கையில் காசிருந்தது. காசிருந்ததால் வெளிச்சம் இருந்தது, வெளிச்சம் இருந்ததால் எல்லாமே தெரிந்தது. ஊருக்கு மேல் பறக்கிறான், கடலுக்கு மேல் பறக்கிறான், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு பறக்கிறான்.

“முதல் படத்துல அவன் எங்க இருக்கான்னு தேடணும்,” என்றாள் நாத்தனார், முதன்முதலில் போட்டுக் காட்டியபோது. “இதுல எங்க பாத்தாலும் அவன்தான். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.”

இயக்குநருக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். “எல்லாம் மாறிப்போச்சும்மா. இறக்கை புதுசு, ஊரு புதுசு, முகமூடிகூடப் புதுசு. ஜனங்க பழைய ஆளுதான்னு நம்பணும்னா நடை ஒண்ணுதான் மிச்சம். உங்களத்தான் நம்பியிருக்கேன்.”

எனக்கும் அது வேண்டியிருந்தது. பெயர் வரிசையில் என் பெயர் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும் கீழே, எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் வரும். அதைப் பற்றி வருத்தமில்லை. ஆனால் தெருவில் ஒரு பொடியன் இல்லாத இறக்கையை மடித்துக்கொண்டு டக், ஸ்டக் என்று போகும்போது, ‘அடேய், அது நான்டா’ என்று எனக்குள் ஒருத்தி சிரிப்பாள். அவளைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆனால் நடை வரவில்லை. வலியோடு அதுவும் போய்விட்டிருந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தோம். முதல் படத்தின் சத்தத்தையே எடுத்து ஒட்டினான் காது. அந்தத் தரை வேறு, இந்தத் தரை வேறு. அங்கே மெதுவாக வந்தான், இங்கே வேகமாக வருகிறான். பழைய போட்டோவிலிருந்து தலையை வெட்டிப் புதுப் போட்டோவில் ஒட்டிய மாதிரி இருந்தது. பூட்ஸுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தேன். செருப்புக்குள் கல் விழுந்தவள் நடக்கிற சத்தம் அச்சு அசலாக வந்தது. முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நொண்டியும் பார்த்தேன்.

“நடிக்கிறது தெரியுதுக்கா,” என்றான் காது. அவனே வாய்விட்டுச் சொன்னான் என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“டாக்டர் கிட்ட போய் பழைய முட்டியத் திருப்பிக் கேட்டா என்ன, அண்ணி?” என்றாள் நாத்தனார். “எங்கயாவது பாட்டில்ல போட்டு வச்சிருப்பாங்க.”

“உன் வாயையும் சேத்துப் போட்டு வைக்கச் சொல்றேன்.”

இயக்குநர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா,” என்றார். “வரலன்னா நடையை மட்டும் வெளியில குடுத்துடலாம். பெரிய இடம் ஒண்ணு இருக்கு, மெஷின்லயே பண்றாங்களாம். மத்ததெல்லாம் நீங்கதான்.”

மற்றதெல்லாம் என்றால் வழிப்போக்கர், போலீஸ்காரர், நாய். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது, அவர் படம்.

வியாழக்கிழமை பகலில் மூன்றாவது தடவையும் சரிவராமல் போகவே, பூட்ஸைக் கழற்றி வாசலருகே விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நாத்தனார் டீ வாங்கிவரப் போனாள். இயக்குநர் வெளியே தொலைபேசியில் யாரிடமோ, “நாளைக்குத் தெரிஞ்சுடும் சார்,” என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. பெரிய இடத்துக்காரராக இருக்க வேண்டும். பிறகு அவர் பேசிக்கொண்டே தள்ளிப் போக, அதுவும் ஓய்ந்தது.

அப்போது அந்த நடை கேட்டது.

டக். ஸ்டக். டக். ஸ்டக். எங்கோ தள்ளியிருந்து, நிதானமாக, நெருங்கி நெருங்கி வந்தது. என் பழைய நடை. எனக்கு எரிச்சல் வந்தது. ஒருத்தி தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும்போது அவள் ஜெயித்ததைப் போட்டுக் காட்டுவார்களா?

“காது, அந்தப் பழசை நிறுத்துப்பா. போதும்.”

“நான் ஒண்ணும் போடலியேக்கா,” என்றான்.

கண்ணைத் திறந்தேன். காதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறைக்கு வெளியே சிமெண்டுத் தரை நடைவழி. கதவை நாத்தனார் திறந்தபடி விட்டுவிட்டுப் போயிருந்தாள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு, சீராக, டக் டக் என்று இரண்டு எட்டு வைத்து என் நாத்தனார் உள்ளே வந்தாள். கையில் டீத் தட்டு. காலில் கருந்தும்பியின் பூட்ஸ்.

“என் செருப்பைக் காணோம்னு இதை மாட்டிக்கிட்டுப் போனேன். என்ன, ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?”

“தட்டைக் கீழ வை,” என்றேன். “திரும்பி வெளிய போ. மறுபடி நடந்து வா.”

“எதுக்கு?”

“போ, சொல்றேன்.”

போனாள், வந்தாள். ராணுவத்தில் சேர்கிறவள்போல அவ்வளவு ஒழுங்காக வந்தாள்.

“எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டேன்.

“எது?”

“முட்டி.”

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி.”

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். என் முட்டி தேய்ந்துகொண்டிருந்த காலமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அறைக்குள் அவள் எப்போதும் ரப்பர் செருப்பில், கனத்த விரிப்பின் மேல்தான் நடமாடுவாள். அவள் காலை நான் கேட்டதே இல்லை. ஊரில் உள்ளவன் காலையெல்லாம் கேட்டு நடக்கிறவள், பக்கத்தில் நிற்கிறவள் காலைக் கேட்கவில்லை.

“ஆளில்லாத இடத்துல ஒரு நடை, ஆள் பாத்தா ஒரு நடையா?” என்றேன். “வாசலுக்கு வெளிய நின்னு காலைச் சரி பண்ணிக்கிட்டுத்தானே உள்ள வந்தே?”

அவள் டீயை எடுத்துக் காதிடம் நீட்டினாள். எனக்கு நீட்டினாள். தனக்கு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க படுத்திருந்தப்போ ஒத்தை ஆளா இங்க ஓடுனேன்ல. அப்ப ஆரம்பிச்சது,” என்றாள். “அண்ணன் கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மறுநாளே தூக்கிட்டுப் போய் கத்தியில வைப்பாரு. எனக்குக் கத்தின்னாலே ஆகாது.”

“நான் பொழைச்சு வந்து உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்.”

“நீங்க வேற. உங்களுக்கு எமனே பயப்படுவான்.”

காது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தான். அவனுக்குச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சில் ஏதோ பிறாண்டியது. நாளைக்கு அந்த நடை ஏதோ மெஷினுக்குப் போகும். இல்லாவிட்டால் இன்றைக்கே என் நாத்தனாருக்குப் போகும். எனக்கு மட்டும் இனி இல்லை. அதை நான்தான் கொடுக்க வேண்டும், அதுவும் வலிக்கிற காலை நடக்கச் சொல்லி.

டீயைக் குடித்து முடித்தேன்.

“ஒரு பேச்சு. சரின்னா சரி, இல்லன்னா விட்டுடு,” என்றேன். “இந்த நடைய நீ நட. படத்துல அவன் நடக்கிற இடம் அதிகமில்ல, பாதி நேரம் பறக்கத்தானே செய்றான். முடிஞ்சதும் டாக்டர் கிட்ட வரணும். நான் கூட வரேன். அதுவரைக்கும் உன் அண்ணன் கிட்ட சொல்ல மாட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் நடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நாய்க்கு நடப்பேன். நாலு காலு, நாலு பங்கு வேலை.”

“அண்ணி.”

“என்ன அண்ணி? மெஷினுக்குப் போறதுக்குப் பதிலா வீட்டுக்குள்ள இருக்கட்டும். எந்திரி.”

எழுந்தாள். ஆனால் அதோடு முடியவில்லை. ஒலிவாங்கி முன்னால் நின்றதும், நடையில் குறை வேண்டும் என்று புரிந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தாள். பிச்சைக்கு வந்தவன் மாதிரி இருந்தது. ஒழுங்காக நட என்றால் ராணுவம். இயக்குநர் தொலைபேசியை முடித்துவிட்டு உள்ளே வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் கதவோரம் நின்றார். காது அவருக்கு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

நான் கண்ணை மூடி என் பழைய முட்டியை நினைத்துப் பார்த்தேன். அப்போது நான் நொண்டியதேயில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று, வேலை போய்விடும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். அவ்வளவு நேராக நடந்தும், மீறிக்கொண்டு ஒரு மயிரிழை வெளியே கசிந்தது. அதைத்தான் ஊரே கேட்டது. பத்திரிகைக்காரன் சும்மா எழுதவில்லை.

“இங்க பாரு,” என்றேன். “நொண்டாதே. அதோ, கண்ணாடிக்குப் பின்னாடி உன் அண்ணன் நிக்கிறாரு. கையைக் கட்டிக்கிட்டு உன்னையே பாக்குறாரு. முட்டியில வலின்னு தெரிஞ்சுது, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. நட.”

அவள் முகம் மாறியது. கண்ணாடியைப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. வாயை இறுக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாதவள்போல, திரையில் வருகிறவனோடு சேர்ந்து நடந்து வந்தாள்.

டக். ஸ்டக். டக். ஸ்டக்.

காதுக்குக் கண் கலங்கியிருந்தது. இயக்குநர் மெல்ல வந்து, தும்பி பிடிக்கிறவர்போல அடிமேல் அடிவைத்து வந்து, “வந்துட்டான்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டே நாத்தனார் கேட்டாள், “அப்போ இனிமே ஹீரோ நானா?”

“நீயேதான்.”

“பாத்துக்குங்க தம்பி,” என்றாள் இயக்குநரிடம். “கூலியும் ஹீரோ கூலியா இருக்கணும்.”

நான் சிரித்தேன். சிரிப்பு தானாகத்தான் வந்தது. என்னவோ, தோளிலிருந்து இறக்கையைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. பழைய முட்டியை வேண்டாமென்று கொடுத்தவள் பழைய நடையை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் எப்படி?

இயக்குநர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். “அம்மா, இந்தப் படத்துல எதிரி ஒருத்தி வர்றா இல்ல, வெள்ளை உடை. அவளுக்கு இன்னும் யாரும் நடக்கல. கொஞ்சம்கூடக் குறை இல்லாத நடை வேணும். கேட்டா முதுகு சில்லிடணும்.”

“நேத்து வரைக்கும் நல்லா இருக்குன்னு திட்டினீங்களே, அந்த நடையா?”

“அதேதான்.”

“நாத்தனார் நல்லவ, அண்ணி வில்லி,” என்றாள் என் நாத்தனார். “இப்படி ஒரு கதைய இதுவரைக்கும் யாரும் எடுத்திருக்க மாட்டாங்க.”

எதிரியின் காலணியில் குதிகால் உயரம். பளிங்குப் பலகையை இழுத்துப் போட்டு, ஏறி நடந்தேன். கத்தியால் கோடு கிழித்தாற்போல இருந்தது. காது ‘இன்னொரு தடவை’ என்று சொல்லவேயில்லை.

படம் வெளியானபோது நாங்கள் மூன்று பேரும் போனோம். நடுவில் என் வீட்டுக்காரர், அவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள். நாத்தனார் இன்னும் டாக்டரிடம் போகவில்லை. ‘படம் வரட்டும், படம் வரட்டும்’ என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணனிடம் நானும் வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கு.

முதல் படத்தோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் சத்தம் அதிகம் என்றுதான் சொல்வேன். பறக்கிறான், இடிக்கிறான், மறுபடி பறக்கிறான். முதல் படத்தில் அவன் பறந்த ஒரே ஒரு தரம் அரங்கமே கூடப் பறந்தது. இதில் நாலாவது தரம் பறந்தபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஊரின் விளக்கெல்லாம் அணைந்து போகிறது. திரை கறுப்பு. பழைய படம் மாதிரி, ஒன்றுமே தெரியாத இருட்டு.

அந்த இருட்டில் ஒரு பக்கமிருந்து டக், ஸ்டக், டக், ஸ்டக். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு குழந்தை, “வந்துட்டான்பா,” என்றது. மறுபக்கமிருந்து என்னுடையது வந்தது. டிக், டிக், டிக், டிக். நாங்கள் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துகொண்டிருந்தோம். என் கைமயிர் சிலிர்த்தது. என் நடைக்கா சிலிர்த்தது, அவள் நடைக்கா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

“அது நீ இல்லியே,” என்றார் காதோரம்.

“எது?”

“கருந்தும்பி. போன படத்துல அது நீ. வாசல்ல நீ வரும்போது கேட்டுக் கேட்டுப் பழகுன காலு, எனக்குத் தெரியாதா? இது வேற.” கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார். “குட்டி. இது நீதானே?”

வீட்டில் அவளுக்கு இன்றைக்கும் குட்டிதான். நாத்தனார் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“எந்தக் காலு?” என்றார்.

திரையில் நடை நெருங்கிக்கொண்டே இருந்தது.

“இடது காலு,” என்றாள் கடைசியில். “படம் முடியட்டும்ணா.”

“முடியட்டும், முடியட்டும்,” என்றார் அவர். “எனக்கும் பாக்கணும்.” அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முட்டியைத் தட்டினார். “நல்லா நடந்திருக்கீங்க ரெண்டு பேரும்.”